சூட்டையும் குளிரையும் தோல் எப்படி உணர்கிறது: வீட்டிலேயே செய்து பார்க்க முழுமையான வழிகாட்டி

பெங்களூரு அல்சூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளோடு வார இறுதிகளில் இந்தச் சோதனைகளைச் செய்து வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வரிசையில்தான். ஒரு கையைக் குளிர்ந்த நீரிலும் மறு கையைச் சூடான நீரிலும் வைத்திருந்து, பிறகு இரண்டையும் நடுக் கிண்ணத்தில் விடும், எல்லோருக்கும் தெரிந்த மூன்று கிண்ணச் சோதனையை முதலில் செய்துவிடுகிறார்கள். அதன்பின் நெடுநேரம் அந்தக் கை வேறு எதற்கும் பயன்படுவதில்லை. எனவே கீழே உள்ள படிகளைக் கொடுத்திருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். ஒரு காலைப் பொழுது முழுவதும் தேவைப்படும்.

1. எதைச் சோதிக்கிறோம் என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்

தோலுக்கு அடியில் இருக்கும் நரம்பு முனைகளுக்கு நீங்கள் தொடும் டம்ளரின் வெப்பநிலை தெரியாது. தம்மைச் சுற்றியுள்ள தோல் எத்தனை டிகிரியில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சூடாகிறது அல்லது குளிர்கிறது, இவை மட்டுமே அவற்றுக்குத் தெரியும்.

இனி வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பதுதான். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். நான்காம் படியை முடித்தபின் அவர்களே சொல்லட்டும்.

2. தேவையானவை

கம்பி முனையுடைய டிஜிட்டல் வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். பெங்களூரு எஸ்.பி. ரோடு மின்னணுக் கடைகளில் அதிக விலையில்லாமல் கிடைக்கும். நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி வடிவ வெப்பமானி இதற்கு ஆகாது. பளபளக்கும் உலோகம் தன் வெப்பக் கதிர்களைக் குறைவாகவே வெளிவிடும். சுற்றுப்புறத்தின் கதிர்களைத்தான் பெரும்பாலும் எதிரொளிக்கும். அதனால் ஸ்டீல் பாத்திரத்தின்மேல் அந்தக் கருவி தவறான எண்ணைக் காட்டும்.

மற்றவை வீட்டிலேயே இருக்கும்: கை முழுவதும் மூழ்கும் அகலக் கிண்ணங்கள் மூன்று, தோசைக்கல், காய் நறுக்கும் மரப்பலகை, ஸ்டீல் கரண்டி, மரக்கரண்டி, மழுங்கிய ஆணிகள் இரண்டு, ஒரே மதிப்புள்ள நாணயங்கள் மூன்று, ஐஸ் கட்டி, துண்டு, பாலித்தீன் பை, பேனா, நோட்டு.

தண்ணீர் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. ஏறத்தாழ 45 டிகிரியை நெருங்கும்போது சூடு என்ற உணர்வு வலியாக மாறத் தொடங்கும். குளிர் பக்கத்தில் 15 டிகிரிக்குக் கீழே கையை மூழ்க வைக்காதீர்கள். அங்கேயும் வலி எட்டிப் பார்க்கும்.

நீரிழிவால் கால், கை மரத்துப்போனவர்களை இந்தச் சோதனைகளுக்கு உட்படுத்தாதீர்கள். அவர்களுக்குச் சூடு தெரியாமலேயே தோல் வெந்துவிடலாம்.

3. முந்தைய இரவே செய்யவேண்டியவை

தோசைக்கல், மரப்பலகை, ஒரு நாணயம் ஆகியவற்றைச் சமையலறை கிரானைட் மேடைமீதே இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் எல்லாம் அறையின் வெப்பநிலைக்கே வந்திருக்கும். டிசம்பர், ஜனவரிக் காலைகள் இதற்கு மிகவும் ஏற்றவை. வீட்டுக்குள் 22, 23 டிகிரி இருக்கும். நம் தோலுக்கும் பொருள்களுக்கும் இடையே நல்ல இடைவெளி கிடைக்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, காலையில் தோசை வார்த்துவிட்டுச் சோதனையைத் தொடங்குவது. அடுப்பிலிருந்து இறக்கிய கல் வெகுநேரம் சூட்டை விடாது. அன்று இட்லி போதும். கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முந்தைய இரவே துடைத்துவிடுங்கள்.

சட்னிக்குப் பச்சை மிளகாய் நறுக்கியவரும் அன்று சோதனைக்கு உட்கார வேண்டாம். மிளகாயின் காரப் பொருள் சூட்டை உணரும் நரம்பு முனைகளையே தூண்டுகிறது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் முழுதாக நீங்குவதில்லை.

4. கையை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள்

பெரும்பாலானோர் தவிர்த்துவிடும் படி இதுதான். தவிர்த்தால் அடுத்துள்ள எதுவும் நம்பும்படி அமையாது.

ஃபேனை நிறுத்துங்கள். 33 டிகிரி தண்ணீரில் இரு கைகளையும் ஐந்து நிமிடம் வைத்திருந்து, எடுத்தவுடன் விரலிடுக்கு உட்பட நன்றாகத் துடையுங்கள். கையில் ஈரம் மிஞ்சியிருந்தால் அது ஆவியாகும்போது தோலைக் குளிர்விக்கும். நீங்கள் தொடுவதற்கு முன்பே நரம்புகள் குளிரைச் சொல்லத் தொடங்கிவிடும்.

33 டிகிரி ஏன்? சாதாரணமாகக் கையின் தோல் 32 முதல் 34 டிகிரிவரை இருக்கிறது. ஏறத்தாழ 30 முதல் 36 வரையுள்ள பகுதியில் தோல் எந்த வெப்பநிலைக்கும் சிறிது நேரத்தில் பழகிவிடும். சூடு, குளிர் என்ற உணர்வே மறைந்துவிடும். அந்த மறைந்த நிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கையைத் தண்ணீரில் வைத்திருப்பவர் ‘இப்போது ஒன்றும் தெரியவில்லை’ என்று தானாகச் சொல்லும்வரை காத்திருங்கள்.

இப்போது முதல் சோதனை. கண்ணைக் கட்டிவிட்டு, ஒருவரின் உள்ளங்கையை வரிசையாக மரப்பலகை, கிரானைட் மேடை, தோசைக்கல் ஆகியவற்றின்மேல் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை டிகிரி இருக்கும் என்று ஊகிக்கக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வெப்பமானியை வைத்துக் காட்டுங்கள். மூன்றும் ஒரே எண்தான். பெரியவர்கள்கூட வெப்பமானி பழுதாகிவிட்டதோ என்று தட்டிப் பார்ப்பார்கள்.

காரணம் இது. 33 டிகிரித் தோலும் 23 டிகிரிப் பொருளும் ஒட்டும்போது, தொடும் இடம் இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணில் வந்து நிற்கும். வெப்பத்தை வேகமாக உறிஞ்சி உள்ளே கடத்தும் பொருளாக இருந்தால் அந்த எண் பொருளின் பக்கம் சாயும். கணக்குப் போட்டால் மரத்தைத் தொட்ட தோல் சுமார் 30 டிகிரிக்கும், கிரானைட்டைத் தொட்டது சுமார் 26-க்கும், தடித்த இரும்பைத் தொட்டது ஏறக்குறைய 24-க்கும் இறங்கும். ஆக, உள்ளங்கை பொய் சொல்லவில்லை. தன் தோல் எவ்வளவு இறங்கியது என்பதை அது சரியாகவே சொல்கிறது. அதைப் பொருளின் வெப்பநிலையாக எடுத்துக்கொள்வது நாம்தான்.

மெல்லிய ஸ்டீல் தட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். தொட்டவுடன் சில்லென்று இருக்கும். ஆனால் தட்டு மெல்லியதாக இருப்பதால் கையின் சூட்டிலேயே விரைவில் சூடாகி, மரத்தோடு வேறுபாடு தெரியாமல் போகும். தோசைக்கல்லைக் கேட்டது இதனால்தான்.

சூட்டுப் பக்கத்திலும் ஒருமுறை பாருங்கள். ஸ்டீல் கரண்டியையும் மரக்கரண்டியையும் 42 டிகிரி தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, துடைத்து, முன்கையின் உட்புறத்தில் ஒரே நேரத்தில் வையுங்கள். குளிரில் அதிகம் குளிர்ந்த உலோகம் இப்போது அதிகம் சுடும். உலோகம் ‘இயல்பிலேயே குளிர்ந்தது’ என்று நினைத்திருந்தவர்களுக்கு இது முக்கியமான திருப்பம். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

5. குளிர்ப் புள்ளிகளை வரைபடமாக்குங்கள்

பொறுமை வேண்டிய படி. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

புறங்கையில் பேனாவால் 2 சென்டிமீட்டர்ச் சதுரம் வரைந்து, 2 மில்லிமீட்டர் அளவில் நூறு கட்டங்களாகப் பிரியுங்கள். அதே கட்டங்களை நோட்டிலும் பெரிதாக வரைந்துகொள்ளுங்கள். ஆணியை ஐஸ் தண்ணீரில் வைத்து எடுத்து, துடைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் மெல்லத் தொடுங்கள். தொடப்படுபவர் கண்ணை மூடியிருக்க வேண்டும். சில கட்டங்களில் வெறும் தொடுதல்தான் தெரியும். சிலவற்றில் சட்டென்று ஒரு குளிர்ப் பொறி தெறிக்கும். அவற்றை நீலத்தில் குறியுங்கள்.

பிறகு ஆணியை 42 டிகிரி தண்ணீரில் வைத்து அதே நூறு கட்டங்களிலும் மீண்டும் தொட்டு, சூடு தெரியும் இடங்களைச் சிவப்பில் குறியுங்கள். சிவப்பு மிகக் குறைவாக இருக்கும். அந்தச் சதுரத்தில் ஒன்றுகூடக் கிடைக்காமலும் போகலாம். அது சோதனையின் தோல்வி அல்ல. உடலின் பெரும்பகுதித் தோலில் குளிரை உணரும் புள்ளிகளே அதிகம். வெப்பப் புள்ளிகள் அரிது.

இரண்டு வகைப் புள்ளிகளும் ஒரே இடத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். சூடும் குளிரும் ஒரே கம்பியின் இரு முனைகள் அல்ல. அவற்றுக்குத் தனித்தனி நரம்பிழைகள் இருக்கின்றன. குளிர் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்ற புரதம் இருக்கிறது. தோல் சுமார் 26, 28 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அது திறந்து மின்னோட்டத்தை உள்ளே விடும். டிஆர்பிவி1 என்ற இன்னொரு புரதம் சுமார் 43 டிகிரிக்குமேல் திறக்கும். மிளகாய்க் காரத்துக்கும் அதுவே திறக்கும். இந்த ஆராய்ச்சிகளுக்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வழக்கமான தவறுகள் இரண்டு. ஒன்று, ஒரே ஆணியைத் தொடர்ந்து பயன்படுத்துவது. சில நொடிகளிலேயே அது தோலின் சூட்டுக்கு வந்துவிடும். ஒன்று தண்ணீரில் இருக்க, மற்றதால் தொடுங்கள். இரண்டாவது, அழுத்திக் குத்துவது; வலி வந்துவிட்டால் குளிர் தெரியாது.

6. பாதத்தில் தாமதத்தைக் கவனியுங்கள்

40 டிகிரி தண்ணீரில் வைத்த ஸ்டீல் கரண்டியின் முதுகைப் பாதத்தின் மேற்புறத்தில் வையுங்கள். கண்ணை மூடியிருப்பவர் தொடுதலை உடனே உணர்வார். சூடு அதன்பின் சற்றுத் தயங்கித்தான் வரும்.

வெப்பச் செய்தியைச் சுமக்கும் நரம்பிழைகளுக்கு மயலின் என்ற உறை இல்லை. அவற்றில் செய்தி நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர்தான் நகரும். பாதத்திலிருந்து முதுகுத்தண்டுவரை செல்லவே ஒரு நொடி அளவு பிடிக்கும். குளிரைக் கொண்டுசெல்லும் இழைகள் பலவற்றில் மெல்லிய உறை உண்டு, அவை பல மடங்கு வேகமானவை. குளிர்ந்த கரண்டியை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கையில் இதைச் செய்தால் தூரம் குறைவு என்பதால் வேறுபாடு புலப்படாது.

7. மூன்று விரல், மூன்று நாணயம்

இரண்டு நாணயங்களை ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வையுங்கள். மூன்றாவது மேடையிலேயே இருக்கட்டும். அதை நடுவிலும், குளிர்ந்தவற்றை இருபுறமும் வைத்து, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒரே நேரத்தில் வையுங்கள். நடுவிரலின் நாணயமும் குளிர்ந்ததாகவே தோன்றும். நடுவிரலைத் தூக்கிவிட்டால் அந்த விரலில் குளிர் மறைந்துவிடும்.

குளிர் எங்கிருந்து வருகிறது என்பதை மூளை தொடு உணர்வை வைத்தே முடிவு செய்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. வெப்ப உணர்வுக்குத் தனியாக இடம் காட்டும் திறன் குறைவு. பக்கத்தில் தொடுதல் எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் அது பரவிக்கொள்ளும்.

விரல்களை ஒவ்வொன்றாக வைத்தால் இது நடக்காது. பிள்ளைகள் அவசரத்தில் அப்படித்தான் வைப்பார்கள். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணி வைக்கச் சொல்லுங்கள்.

8. ஒரு விரலும் முழுக் கையும்

மறுபடியும் கைகளை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கிண்ணத்தில் 40 டிகிரி, இன்னொன்றில் 38 டிகிரி தண்ணீர். முதலாவதில் இடக்கையின் ஒரு விரல், இரண்டாவதில் வலக்கை முழுவதும், மணிக்கட்டுவரை. பலர் 38 டிகிரித் தண்ணீரையே அதிகச் சூடு என்பார்கள்.

பரப்பு கூடக் கூட, மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு முனைகளின் எண்ணிக்கை கூடுகிறது. மூளை அவற்றைக் கூட்டிக்கொள்கிறது. விரல் நுனியை விட்டுப் பார்த்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று சொன்ன வாளித் தண்ணீர், தலையில் ஊற்றும்போது சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

9. மெதுவாக மாறும் சூடு

கையை 31 டிகிரி தண்ணீரில் வைத்துப் பழகவிடுங்கள். வேறொருவர் கிண்ணத்தின் ஓரத்தில் வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு அரை டிகிரிக்கும் குறைவாகவே ஏற வேண்டும். வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே ஊற்றுங்கள். 35 டிகிரி வரும்வரைகூட ஒன்றும் மாறவில்லை என்றே அவர் சொல்லக்கூடும்.

அதே தோல், மாற்றம் வேகமாக இருந்தால் கட்டைவிரல் மேட்டில் 0.2 டிகிரி ஏற்றத்தையும் ஏறத்தாழ 0.1 டிகிரி இறக்கத்தையும் கண்டுபிடித்துவிடும். நுண்மையும் மந்தமும் ஒரே உறுப்பில் இருப்பது விந்தை. நம் கவனத்துக்கு வேண்டியது மாற்றமே என்பதுபோல் இந்தத் தோல் அமைந்திருக்கிறது.

ஊற்றுபவர் அவசரப்பட்டால் சோதனை கெட்டுவிடும். இதைப் பிள்ளைகளிடம் கொடுக்காமல் பெரியவர் ஒருவரே செய்வது நல்லது.

10. மூன்று கிண்ணம்: இப்போதுதான்

18 டிகிரி, 33 டிகிரி, 40 டிகிரி. ஒரு கை குளிர்ந்ததிலும் மறு கை சூடானதிலும் மூன்று நிமிடம். பிறகு இரண்டும் ஒன்றாக நடுக் கிண்ணத்தில். ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிராகவும் இருக்கும். முன்படிகளைச் செய்தவர்களுக்கு விளக்கமே வேண்டியதில்லை; அதனால்தான் இதைக் கடைசிப் பக்கம் தள்ளினேன்.

11. ஈரம் என்று ஓர் உணர்வு

உலர்ந்த கையை ஓட்டையில்லாத பாலித்தீன் பைக்குள் விட்டு, 18 டிகிரி தண்ணீரில் மெல்ல அமிழ்த்துங்கள். பை தோலோடு ஒட்டும்போது கை நனைந்துவிட்டது என்றே தோன்றும். எடுத்துப் பார்த்தால் ஒரு துளி இருக்காது. மனிதத் தோலில் ஈரத்துக்கென்று தனி நரம்பு முனை கிடையாது. குளிர்ச்சியும் ஒருவித அழுத்தமும் சேர்ந்து வந்தால் அதை ஈரம் என்று படித்துக்கொள்கிறோம்.

பெங்களூரில் ஆகஸ்ட் மாதம் பால்கனியில் துணி உலர்த்துபவர்களுக்கு இது நேரடியாக உதவும். கொடியில் இருக்கும் சட்டை ஈரமா, வெறும் குளிரா என்று தொட்டவுடன் தெரியாது. அதை உள்ளங்கையில் ஒரு நிமிடம் பொத்திப் பிடியுங்கள். உலர்ந்திருந்தால் கதகதப்பாகிவிடும். ஈரமென்றால் குளிர்ந்தே இருக்கும்.

12. தைலம், எல்லாவற்றுக்கும் பின்

மென்தால் கலந்த தலைவலித் தைலத்தை முன்கையில் சிறிது தடவுங்கள். குளிர்கிறது; ஆனால் தோலில் வைத்த வெப்பமானி அதற்கு ஈடான இறக்கத்தைக் காட்டாது. ஐந்தாம் படியில் சொன்ன டிஆர்பிஎம்8 புரதத்தை மென்தால் சாதாரணத் தோல் வெப்பநிலையிலேயே திறந்துவிடுகிறது. தடவிய இடத்தில் அந்தக் குளிர்ச்சி வெகுநேரம் தங்கும் என்பதால் இதன்பின் வேறு சோதனை வேண்டாம். கண் அருகிலும் சிறு குழந்தைகளுக்கும் தடவாதீர்கள்.

13. அன்றாடத்தில் இந்த வரிசை

குளியல் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு கெய்சர் வெந்நீர். மாற்றிச் செய்தால், பச்சைத் தண்ணீர் கலப்பதற்குள் குழந்தை கையை விட்டுவிடக்கூடும். 60 டிகிரி தண்ணீர் பெரியவர் தோலையே சுமார் ஐந்து நொடியில் ஆழமாக வேகவைத்துவிடும். குழந்தைக்கு அதைவிடக் குறைந்த நேரமே போதும். வெந்நீர் மேலேயே மிதக்கும், ஆகவே அடிவரை கலக்குங்கள். கலக்கியபின் விரல் நுனியால் பார்க்காதீர்கள். முழங்கையையோ முன்கையின் உட்புறத்தையோ நனைத்துப் பாருங்கள். சமையலறையில் புழங்கும் உள்ளங்கை தடித்துச் சூட்டுக்குப் பழகியிருக்கும். கைக்குழந்தைக்கு 37, 38 டிகிரி போதும். வெப்பமானிதான் இருக்கிறதே.

காய்ச்சலை நெற்றி தொட்டு முடிவு செய்யாதீர்கள். பாத்திரம் தேய்த்துக் குளிர்ந்த கைக்கு எந்த நெற்றியும் சுடும்.

வீட்டில் நீரிழிவுள்ள தாத்தாவோ பாட்டியோ இருந்தால், கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் முன் அவர்களிடம் ‘சூடு சரியா?’ என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். வெப்ப உணர்வு வயதோடு முதலில் மங்குவது பாதத்தில். நரம்பு பழுதாகியிருந்தால் அது அறவே இருக்காது. வேறொருவர் தன் முழங்கையாலும் வெப்பமானியாலும் பார்த்த பிறகே அந்தத் தண்ணீர் அவர் காலைத் தொட வேண்டும்.